துணிக்கு அடியில் மூச்சு

அது எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா, எனக்கு உறுதியில்லை. துணி வெள்ளை என்றுதான் நினைக்கிறேன்.

மலேசியாவில், சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொலைக்காட்சிப் போலீஸ் நாடகம் எடுக்கிறார்கள். காலை வெயில் மரங்களுக்கிடையே கோடுகோடாக விழுகிறது. அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் பத்துமலை, கொலையுண்டவனாகத் துணிக்கு அடியில் கிடக்கிறார். அழும் விதவையாக அவர் மனைவி மங்களத்தையே உட்கார வைத்திருக்கிறார்கள். அழித்த பொட்டின் சிவப்பு அவள் நெற்றியில் இழுபட்டிருக்கிறது. “அண்ணே, வயிறு ஆடுது, மூச்ச அடக்குங்கலா,” என்கிறார் உதவி இயக்குநர் ஷரபுதீன். வயிறு அடங்குகிறது. கேமரா ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. மங்களம் அழவில்லை, அசையாத துணியையே பார்க்கிறாள். சட்டென்று கணவரின் விலாவில் கிள்ளுகிறாள். பிணம் அலறி எழுகிறது. போலீஸ் உடுப்பு நடிகர்கள் சிரிக்கிறார்கள். “மூணாவது வாட்டி, அக்கா!” என்கிறார் ஷரபுதீன். “ சும்மா நடிப்புதானேலா?” “மூச்சு நின்னுபோச்சு, நான் என்னத்த நடிக்க? வேற ஆளப் படுக்க வை, தம்பி.” அவள் கை இன்னும் கணவரின் சட்டையைப் பிடித்திருக்கிறது.

வேறொருவரைப் படுக்க வைத்து எடுத்தார்கள். நாடகம் இரண்டு வருடத்தில் நின்றது. ஷரபுதீன் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்தார். தோட்டம் விலைபோனதும் மங்களமும் பத்துமலையும் ஈப்போவின் சிலிபின் பகுதிக்குக் குடிபோனார்கள். எண்பத்து நாலில் பத்துமலை தூக்கத்திலேயே இறந்தார். பக்கத்தில் படுத்திருந்த மங்களத்துக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது.