ஒருமனதாக

நிறைவேற்றிவிட்டுக் கிடப்பில் போட்ட தீர்மானத்தை ரத்து செய்வதென்றால், அன்று அதைக் கொண்டுவந்தவரே முதலில் கை தூக்க வேண்டும் என்பது அந்த நகர்மன்றத்து வழக்கம். துப்புரவுப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டுமென்று பதினொரு வருஷத்துக்கு முன்னால் மேசையைத் தட்டிப் பேசியவர் தணிகாசலம். இன்று அதை ரத்து செய்ய வாக்கெடுப்பு என்று தலைவர் அறிவித்த பிறகு, எழுத்தர் எழுந்து பழைய வாசகத்தைக் கணீரென்று வாசித்தார்.

அந்த வாசகம் மட்டும் காதில் விழுந்ததும், வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த பவளக்கொடி துடைப்பத்தோடு வாசலுக்கு ஓடிவந்தாள். வேலை முடிகிறவரை அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. குடித்துவிட்டு எங்கே போவாள்?

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

தணிகாசலம் மேசையைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் எல்லாக் கைகளும் எழுந்தன.

"ஒருமனதாக!" என்றார் தலைவர்.

பவளக்கொடிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தத் தடவை கட்டிருவாங்கல்ல, ஐயா?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கி, தணிகாசலத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பதிலுக்குக் கும்பிட இரண்டு கையும் வேண்டும். எல்லாரும் இறக்கிவிட்டார்கள். அவர் கை மட்டும் இன்னும் மேலேயே நின்றது.