மைனா சொன்ன நாரைக் கதை

நல்ல கதை ஒன்று காதில் விழுந்துவிட்டால் மைனாவுக்கு வாய் சும்மா இருக்காது. கடல் கடந்து வரும் நாரை தன் மொழியில் சொல்லும் கதைகளை, அந்த மொழி தெரிந்த மைனா ஆலமரத்துப் பறவைகளுக்கு நம் மொழியில் இனாமாகவே சொல்லும். "கதை நாரையோடது" என்று முடிக்கும்.

காகம் அவற்றை மனப்பாடம் செய்து, கதைக்கு ஒரு பழம் என்று தோப்புத் தோப்பாகப் போய் விற்றது. நாரையின் பேரை மட்டும் விழுங்கிவிட்டது.

மைனா சண்டைக்குப் போனது. "யாரைக் கேட்டு விக்கிறே?"

"நீ யாரைக் கேட்டுச் சொன்னே?" என்றது காகம். மைனா ஆலமரத்துக்கே திரும்பியது.

மறு வருஷம் நாரை நம் மொழியைக் கற்றுக்கொண்டு வந்து, ஆலமரத்தடியில் கதையை ஆரம்பித்தது. "இது காக்கா கதையாச்சே, கேட்டாச்சு" என்று தோப்புகளிலிருந்து கேட்க வந்திருந்த பறவைகள் கலைந்தன.

"நான் பேசினது அவங்களுக்குப் புரியலையோ?" என்று திக்கித் திக்கி மைனாவிடம் கேட்டது நாரை.

இரண்டு மொழி தெரிந்த மைனாவுக்கு ஒன்றிலும் பதில் வரவில்லை.