ஆணியில் ஒரு தொப்பி

இங்கிலாந்தில், ஹெரஃபோர்டு ஊர்ப் பக்கத்தில், நான் வேலை பார்த்த பழைய ஆப்பிள் தோட்டத்தைப் பார்க்க ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பழம் பறிக்க மரத்தில் ஏறுகிறவர் வாசல் ஆணியில் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். தொப்பி தொங்கினால் மரத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். பழுப்புத் தொப்பி ஒன்று மிச்சம் இருந்தது.

“அது எப்பவும் அங்கதான் தொங்கும். கண்டுக்காத, அம்ப்ரோஸ்,” என்றார் காவலாளி பிரீஸ், பூட்டும் கையுமாக.

“யாராவது மேல மாட்டிக்கிட்டிருந்தா?”

“முப்பது வருஷமாவா? சரி, போய்ப் பாத்துட்டு வாப்பா. டீ ஆறிடும்.”

வழக்கப்படி என் சிவப்புக் கம்பளித் தொப்பியை அதன் பக்கத்தில் மாட்டினேன். ஏணியைச் சாய்த்து ஒவ்வொரு மரமாக ஏறிப் பார்த்தேன். கடைசி மரத்திலும் யாரும் இல்லை. இறங்கக் கால் வைத்தால் ஏணியைக் காணோம்.

கீழே ஒருவன் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வாசலுக்குப் போனான். என் சிவப்புத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“யாராவது இருந்தாங்களா, அம்ப்ரோஸ்?” என்று அவனிடம் கேட்டார் பிரீஸ்.

“ஒருத்தரும் இல்ல.”

நான் கத்தினேன். பிரீஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டினார்.

இன்றும் ஞாயிறு. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உதவிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பழுப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் கத்தவில்லை. அவள் தன் தொப்பியைக் கழற்றட்டும் என்று காத்திருக்கிறேன்.