வில்லியின் தோழி

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பல் மருத்துவர் நூலகத்துக்குள் நுழைந்தாள். புதுத் தோழி முன்பே வந்திருந்தாள். தோழிக்கு வயது பதின்மூன்று, வாய்க்கு முப்பது. எப்படியாவது அவளுக்குத் தன்னைப் பிடித்துவிட வேண்டுமென்று, அவள் விரும்பிப் படிக்கும், பிள்ளைகள் அடிபட்டு ஆளாகும் பழைய நாவல்களாக மருத்துவர் விழுந்து விழுந்து படித்திருந்தாள்.

"இதுலயும் சித்திதான் வில்லி, டாக்டரக்கா. இவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"நல்ல சித்தியும் இருக்கலாம்ல?"

"இருந்தா கதை பத்தே பக்கத்துல முடிஞ்சிடுமே!"

மருத்துவர் சிரித்து மழுப்பினாள். "உன்னை மாதிரி தோழி கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும்."

சிறுமி புத்தகத்தை மூடினாள்.

"அடுத்த மாசம் எங்கப்பாவைக் கட்டிக்கப்போறது நீங்கதான்னு முதல் நாளே தெரியும். அப்பா போன்ல உங்க போட்டோ பார்த்துட்டேன். நடிப்பு சுமார்தான். ஆனா, கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படி என்கூட உட்கார்ந்து படிப்பீங்களா?"