அலுமாரியின் கடைசித் தவணை

ஆறாவது முறையாக மஜீட் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“இரிங்க கச்சி முகம்மது” என்றார்.

இருந்தால் எழும்புவது பெரும்பாடு. நின்றுகொண்டேன்.

எட்டு வருடம் அவருடைய தளபாடக் கடையில் வேலை. காத்தான்குடியில் லொறியில் ஏற்றுவது, மண்முனைப் பாலம் தாண்டிப் போவது, இரும்பு அலுமாரியை முதுகில் சுமந்து வீட்டுக்குள் வைப்பது, தவணைக்கு விற்பது, எல்லாம் நான்தான். சுமந்ததற்கு நாட்சம்பளம். விற்றதற்கு நூற்றுக்கு ஐந்து கொமிசன்.

முதுகு இனி ஏலாது என்றதும் வேலையை விட்டேன். இடுப்பு நாரியில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். கையில் கொஞ்சம் சேர்த்திருந்தேன். முதலாளியிடம் நிற்கிற கொமிசன் முப்பத்திரண்டாயிரமும் வந்தால்தான் போய்ப் படுக்கலாம்.

முதல் நாள் போனேன். கணக்கெழுதுகிற முனாஸ் லீவு.

இரண்டாம் நாள் முனாஸ் இருந்தான். முதலாளி கொழும்பில்.

மூன்றாம் நாள் இருவரும் இருந்தார்கள். மேசை லாச்சியைத் திறக்கிற திறப்பு வேறு யாரிடமோ.

நாலாம் நாள் எல்லாம் இருந்தது. காசையும் கண்ணால் கண்டேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு லாச்சியிலிருந்து காசு வெளியே போகக்கூடாதாம். மஃரிபுக்குப் பிறகு வரச்சொன்னதே அவர்தான்.

ஐந்தாம் நாள்தான் முடிச்சை வெளியே எடுத்தார்.

“நீங்க வித்ததில ஒரு பாக்கி நிக்கி. கொக்கட்டிச்சோல சீதேவிப்பிள்ளைட அலுமாரி. கடைசித் தவண, ஒம்பதாயிரத்தி ஐந்நூறு. அது வரட்டும், மறுகா மொத்தமாத் தாறன்.”

அது இரண்டு கிழமைக்கு முந்திய கதை.

மார்கழி மாதம். அந்தப் பக்கத்தில் காசு என்றால் வேளாண்மை வெட்டினால்தான். வயல் வட்டையில் பயிர் முழங்காலுக்குத்தான் நின்றது. இந்த எட்டு வருடத்தில் பயிர் நிற்கும்போது ஒரு வீட்டிலும் நான் தவணை கேட்டதில்லை. தேத்தண்ணி தந்தால் குடிப்பேன், மழையைப் பற்றிக் கதைப்பேன், வந்துவிடுவேன். வெட்டு முடிந்ததும் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத் தருவார்கள். அப்படித்தான் நம்பி நடந்தது வியாபாரம்.

இப்போது போய் அந்த மனிசியிடம் எந்த முகத்தோடு கேட்பது?

பங்குனி வரைக்கும் சீதேவிப்பிள்ளை அக்கா பொறுப்பார். என் முதுகு பொறுக்காது.

அதனால் ஸ்கேனுக்குச் சேர்த்த காசில் ஒன்பதாயிரத்து ஐந்நூறை எடுத்து வந்திருந்தேன். இதைக் கட்டினால் முப்பத்திரண்டு வரும். கட்டினதை வெட்டு முடிய அக்காவிடம் வாங்கிக்கொள்வேன்.

மேசையில் வைத்தேன்.

“சீதேவிப்பிள்ளைட காசு முதலாளி.”

அவர் தொடவில்லை. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“வேளாண்ம வெட்டல்லயே. எப்படித் தந்தா?”

“கோழி வித்து.” வாயில் வந்தது அதுதான்.

“ஒம்பதாயிரத்துக்குக் கோழியா?”

“காக்கா, அது கோழியா மயிலா?” என்று என்னைப் பார்த்து முனாஸ் சிரித்தான்.

“ஆடும் ஒண்டு” என்றேன்.

முதலாளி சிரிக்கவில்லை.

“உங்கட கையிலயா தந்தா?”

“ஓம் முதலாளி.”

“எப்ப?”

“இண்டைக்குக் காலம.”

“நல்லா யோசிச்சிச் சொல்லுங்க, கச்சி முகம்மது.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐந்து முறை அலைக்கழித்துவிட்டு, காசைக் கொண்டுவந்து வைத்த பிறகும் விசாரணையா? “காசு உங்கட முன்னுக்குக் கிடக்கு. இதுக்கு மேல என்ன யோசின?” என்றேன்.

கணக்குக் கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“இப்ப உங்களுக்கு எழுதத் தெரியும்தானே. எழுதி ஒப்பம் வைங்க.”

தெரியும். நாற்பது வயதில் பழகிய எழுத்து. ‘ள்ளை’ வருகிற இடத்தில் பேனை நின்று நின்றுதான் போகும். முனாஸ் இரண்டு முறை கொட்டாவி விட்டான். இன்று காலை சீதேவிப்பிள்ளை என் கையில் தந்த காசு 9,500 என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன்.

முதலாளி என் காசை லாச்சிக்குள் போட்டார். அதே லாச்சியிலிருந்து எண்ணித் தந்தார். முப்பத்திரண்டாயிரம். ஒரு சதம் குறையவில்லை.

கோபப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் வெளியே வந்தேன்.

கடைக்கு எதிரே நிழலில் நின்று சீதேவிப்பிள்ளை அக்காவுக்குப் போனில் கோல் எடுத்தேன். உங்கள் பாக்கியை நான் கட்டிவிட்டேன், வெட்டு முடிய எனக்குத் தந்தால் போதும், அவசரமில்லை என்று சொல்லத்தான்.

நான் வாய் திறக்க முதல் அவர் தொடங்கிவிட்டார்.

“தம்பி, முதலாளி சொன்னாரா? போன திங்கக்கிழம நானே கடைக்கு வந்து கடைசித் தவணையக் கட்டிட்டன். மாதர் சங்கத்தில கடன் எடுத்த. நீங்க வேலைய விட்டு நிக்கியளாம், எங்கட பாக்கியால உங்கட கொமிசன் நிக்கப்படாதெண்டு அவருட்டச் சொல்லித்தான் குடுத்த.”

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நான் எழுதிய கொப்பியை முனாஸ் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி சத்தத்தக் காணல்ல? கொமிசன் தந்தாரா?”

“தந்திட்டார் அக்கா” என்றேன். “முழுசா.”