நீர்த்த கிரேவி

நவம்பர் 14, வியாழன். கிரேவியில் மாவு குறைந்தது ஹேசலின் தவறு. பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எதையும் கெட்டியாகக் கொடுக்க வேண்டும், நீர்த்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்றைக்குள் விழுங்கப் பழகாவிட்டால் வயிற்றில் குழாய் வைத்து ஊட்டுவதுதான் வழி என்றும் சொல்லியிருந்தாள். இங்கிலாந்தின் சுரங்க நகரமான பார்ன்ஸ்லியின் மழை ஜன்னலில் வழிகிறது. சட்டியில் அவளுக்கான இறைச்சி சாசேஜ்கள் தோல் வெடித்துச் சீறுகின்றன. மசித்த உருளைக்கிழங்கின் நடுவே அப்பா, அசைகிற ஒரே கையால், கரண்டியை அழுத்திக் குழி பறிக்கிறார். "சுரங்கத்துல வெட்டுன கை, கண்ணு. குழி தப்பாது." குழியில் ஊற்றிய கிரேவி விளக்கொளியில் பளபளக்கிறது. ஒரு கரண்டி வாய்க்குப் போகிறது. உடனே இருமல் பிடித்து உலுக்குகிறது. முகம் கருஞ்சிவப்பாகிறது, மேசைத்துணியெங்கும் பழுப்புத் துளிகள். அவள் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறாள். "என் தப்புப்பா. கெட்டியா வெச்சிருக்கணும்." "மதியம் கெட்டியாத்தான குடுத்த? அதுவும் உள்ள எறங்கல. நீ அந்தப் பக்கம் திரும்புனதும் துண்டுல துப்பிட்டேன்." அவர் தட்டை அவள் பக்கம் தள்ளுகிறார். "ஆறிடும். நீ தின்னு, நான் பாக்கறேன்." அவள் சட்டியிலிருந்து ஒரு சாசேஜை எடுத்துத் தட்டில் வைத்துக் கடிக்கிறாள். தோல் நொறுங்குகிறது. எதிரே அவருடைய வெறும் தாடையும் கூடவே அசைகிறது. நாளை காலை மருத்துவமனைக்குப் போன் செய்து, குழாய்க்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.