வலது கை

முடிக்காணிக்கை மண்டபத்தில் வடிவாம்பாள் கொண்டையை அவிழ்த்ததும் நாவிதர் மாசானத்தின் கத்தி நின்றுவிட்டது. தலையில் அங்கங்கே காசளவு வழுக்கை. எல்லாம் அவளே பிடுங்கிய இடங்கள். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அவளுடைய வலது கை தானாக எழுந்து நாலைந்து முடியை விரலில் சுற்றி வேரோடு இழுத்துவிடும். வலித்தால்தான் மனம் அடங்கும். பூ வைத்து மறைத்தே முப்பது வயதாகிவிட்டது.

“பொம்பளைங்களுக்குப் பூமுடி போதும்மா. நுனியில கொஞ்சம் வெட்டிக் குடுத்தா சாமி ஏத்துக்கும்.”

“பூராவும் எடுங்க.”

“அப்படி என்ன வேண்டுதல்?”

“சாமிகிட்ட ஒண்ணும் கேக்கலைங்க. கேக்க வேண்டியது இந்தக் கைகிட்டதான்.”

மாசானம் தலையை நனைத்தார். கடைசி மயிர் விழும்வரை அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

குளித்து, சந்தனம் பூசி, தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “மூளை கெட்டவளே! அந்தக் கோலத்துல வீட்டுப் பக்கம் வந்துராத” என்று வைத்துவிட்டான்.

கை எழுந்தது. விரல்கள் உச்சந்தலையில் தேடின. பிடிக்க ஒன்றுமில்லை. ஈரச் சந்தனத்தில் வழுக்கி வழுக்கி ஓய்ந்து, கடைசியில் உள்ளங்கை விரிந்து தலைமேல் அமர்ந்தது.

பூக்கூடையோடு படியேறி வந்தவள் பதறினாள். “ஏம்மா, தலையில கை வச்சு உக்காராத, ஆகாது. கைய எடு.”

“இருக்கட்டும்க்கா. இன்னைக்குத்தான் அது சும்மா இருக்கு.”